எல்.கே.ஜி.யை இன்னொரு வருடம் தள்ளலாமா?

வாசகர் கேள்வி பதில்: இந்த முறை பேச்சு வராத பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

கேள்வி: என் மகனுக்கு வருகிற ஜூலை முதல் வாரத்தில் நாலு வயது முடிகிறது. நாங்கள் சொல்வது எல்லாமே அவனுக்குப் புரியும். "முகப்பில் ஐயா கண்ணாடி இருக்கு, எடுத்துட்டு வா" என்றால் சரியாக எடுத்து வருவான். ஆனால் வாயில் வருவது பத்துச் சொல்கூட இல்லை, அதுவும் வீட்டாருக்கு மட்டும்தான் விளங்கும். மதுரையில் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, இது சைல்டுஹுட் அப்ராக்ஸியா, கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தார். போன ஜூனிலேயே எல்.கே.ஜி. சேர்த்திருக்க வேண்டும், பேச்சு வரட்டும் என்று நிறுத்திவிட்டோம். இந்த வருடமும் வேண்டாம், பிள்ளைகள் கேலி பண்ணும் என்கிறார் மாமியார். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர், "நாலு பிள்ளையோட சேர்த்துவிடு, தானாப் பேசிடுவான்" என்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
*— ஒரு தாய், பள்ளத்தூர்*

பதில்: சேர்த்துவிடுங்கள் அம்மா, இந்த ஜூனிலேயே. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை, அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்தால் எல்.கே.ஜி., நாலு முடிந்தால் யு.கே.ஜி., ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. உங்கள் பையன் ஜூலைப் பிள்ளை. போன வருடம் சேர்த்திருந்தால் வகுப்பிலேயே கடைக்குட்டியாக இருந்திருப்பான், அதனால் நிறுத்தியதில் ஒரு தப்பும் இல்லை, என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது சேர்த்தால் வகுப்பில் மூத்தவன், ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது ஆறு வயது நிறையப் போகிறது. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ல் ஆறு வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பிலேயே சேர்க்கிறார்கள், ஆகவே இந்த வயதை யாரும் அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு வருடம் தள்ளினால் ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது ஏழு வயதைத் தொட்டிருப்பான், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது பதினாறரை தாண்டியிருக்கும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரை என்று சொல்வது ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் படிப்பை, அந்த ஆறு வயதில் இவன் யு.கே.ஜி.யில் இருப்பான். உங்களிடம் இருந்த ஒரு வருடத்தைச் செலவழித்தாகிவிட்டது, இரண்டாவது வருடத்துக்கு நல்ல காரணம் வேண்டும், பேச்சு வரவில்லை என்பது மட்டும் அந்தக் காரணம் ஆகாது.

இனி உங்கள் கணவர் சொன்னது. சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும், மற்ற பிள்ளைகளோடு பழகப் பழகத் திறந்துகொள்ளும், அவர் பார்த்தது அப்படிப்பட்ட பிள்ளைகளாக இருக்கலாம். அப்ராக்ஸியா வேறு. சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது, நாக்கும் உதடும் பலமாகவே இருக்கின்றன, ஆனால் எந்த அசைவுக்குப் பிறகு எந்த அசைவு என்று மூளை போட்டுக் கொடுக்க வேண்டிய திட்டம் தடுமாறுகிறது. கோலத்தில் புள்ளியெல்லாம் சரியாக வைத்துவிட்டு, அடுத்த வளைவை இழுக்கக் கைக்கு வழி தெரியாமல் நிற்பது மாதிரி. அதனால்தான் காலையில் தெளிவாக "மாமா" என்று சொன்னவன் சாயங்காலம் ஆயிரம் முறை கேட்டாலும் சொல்ல மாட்டான், வீட்டில் உள்ளவர்கள் "வேணும்னே பண்றான், பிடிவாதம்" என்பார்கள். பிடிவாதம் இல்லை. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தவறாகச் சொல்வது இந்தக் கோளாறின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. பள்ளிக்கூடத்துச் சத்தத்தில் இது தானாகச் சரியாகாது, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில்தான் சரியாகும்.

அந்தப் பயிற்சி எவ்வளவு அடிக்கடி என்பதில்தான் நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மாதம் இரண்டு முறை பஸ் ஏறி மதுரைக்கோ திருச்சிக்கோ போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அலைச்சல்தான் மிச்சம். கடுமையான அப்ராக்ஸியாவுக்கு வாரத்தில் மூன்று முதல் ஐந்து முறை பயிற்சி வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் பொதுவாகச் சொல்வது, ஒவ்வொரு முறையும் நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே உங்கள் தெரபிஸ்ட்டிடம் நேரடியாகக் கேளுங்கள்: "மாதம் ஒரு முறை நேரில் வருகிறேன், இடையில் வீடியோவில் பாருங்கள், வீட்டில் செய்ய ஐந்தாறு சொல் கொடுங்கள்." கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஐந்தாறு சொல்லும் அவனுக்குப் பயன்படுகிற சொல்லாக இருக்கட்டும், வா, போ, தா, வேணாம், ஐயா. ஆனை, ஒட்டகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உங்கள் வாயை அவன் பார்க்க, இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாகச் சொல்லுங்கள், பிறகு உங்கள் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து அவனைத் தனியாகச் சொல்ல விடுங்கள். பத்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. பணியாரத்துக்கு "பம்" என்று கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள், முழுசாகச் சொன்னால்தான் தருவேன் என்று தட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பலூன் ஊதுவது, விசில் அடிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது இதையெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள். ஊதிப் பழகினால் ஊத வரும், பேச்சு வராது.

சரி, பேச்சே இல்லாமல் வகுப்பில் எப்படி உட்காருவான்? வாய்க்குப் பதிலாக வேறொரு வழியை அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள். தண்ணீர், பாத்ரூம், வலிக்குது, அவன் அடிச்சான், போதும், அம்மா என்று படம் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று போதும், போகப் போகப் பெரிதாக்கலாம். டேப்லெட் இருந்தால் சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் பேசும். படத்தைக் காட்டிப் பழகினால் வாயைத் திறக்கவே மாட்டான் என்று உங்கள் வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குக் கோபம் குறைகிறது, கோபம் குறைந்தால் முயற்சி கூடுகிறது.

எந்தப் பள்ளி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி. காரைக்குடியில் பெரிய பள்ளி, வேனில் அரை மணி நேரம், நாற்பது பிள்ளைக்கு ஒரு மிஸ், பேசினால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்றால் வேண்டாம். பக்கத்தில் சின்னதாக, மிஸ்ஸுக்குப் பிள்ளையின் முகம் பார்த்துப் பேச நேரம் இருக்கிற இடமாகப் பாருங்கள். இரண்டு மொழி கேட்பதால் அப்ராக்ஸியா வருவதில்லை, ஆனால் வீட்டில் பேசுகிற தமிழை வகுப்பில் தடுக்கக் கூடாது. சேர்க்கும் முன்பே மிஸ்ஸைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: அவனுக்கு எல்லாம் புரியும், எல்லார் முன்னாலும் "சொல்லு, சொல்லு" என்று நிற்க வைக்கக் கூடாது, ஆண்டு விழாவில் ரைம்ஸ் சொல்லச் சொல்லாமல் ஆட விடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பேச்சொலிகளில் கடுமையான சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குப் பின்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் சிரமம் வர வாய்ப்பு அதிகம். ஆகவே எழுத்தும் ஒலியும் அவன் காதிலும் கண்ணிலும் சீக்கிரம் விழத் தொடங்குவது நல்லது, வீட்டில் காத்திருப்பதில் அந்த விதத்திலும் நஷ்டம்தான்.

கேலி பற்றி உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. நாலு வயதுப் பிள்ளைகள் பேசாத பிள்ளையோடு நன்றாகவே விளையாடும், சொல் இல்லாமலே மணல் அள்ளும், ஓடும். சங்கடம் பெரியவர்களால்தான். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வளவு நிறையச் சொந்தக்காரர்கள் கூடும்போது, வருகிறவர் எல்லாம் தாடையைப் பிடித்து "உன் பேரு என்ன, சொல்லு பாப்போம்" என்று கேட்பார்களே, அதை அவர் நிறுத்திக் கொடுத்தால் பேரனுக்குப் பெரிய உதவி. வீட்டில் மூத்தவர் சொன்னால்தான் அது நிற்கும்.

தள்ளிப் போடு என்று நான் எப்போது சொல்வேன்? சொல்வதே பிள்ளைக்குப் புரியவில்லை, காது இன்னும் சோதிக்கவில்லை, பாத்ரூம் பழக்கம் வரவில்லை, மூன்று வயதுதான் ஆகிறது, அப்படியென்றால் தாராளமாக ஒரு வருடம். அப்போதும் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காமல் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். தள்ளுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும் 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி. சேர்க்க இங்கே பிறந்த தேதிக்கு ஒரு வருட வரம்பு உண்டு, ஜூலை 31-ல் மூன்று முடிந்திருக்க வேண்டும், நாலு முடிந்திருக்கக் கூடாது. ஒரு வருடம் தள்ளினால் அந்த இடம் போய்விடும்.

கேள்வி: பேத்திக்கு மூணு வயசாகிறது, "ம்மா" தவிர ஒன்றும் பேசவில்லை. வசம்பு உரசி நாக்கில் தடவுகிறேன், கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்தும் கொடுக்கிறேன். மருமகள் சண்டை போடுகிறாள்.
*— ஓர் அப்பத்தா, தேவகோட்டை*

பதில்: வசம்பை விட்டுவிடுங்கள் ஆச்சி, மருமகள் பக்கம்தான் நான். தலைமுறை தலைமுறையாகத் தடவியதுதான், ஆனால் பேச்சைக் கொண்டுவரும் வேலை அதனால் ஆகாது, சின்னப் பிள்ளைக்கு அதிகமாகப் போனால் வாந்தியும் வரும். மணித் தண்ணீர் சுத்தமாக இருந்தால் அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ள விஷயம், நான் நடுவில் வரவில்லை. ஆனால் மணி அடிக்கும்போது பேத்தி திரும்பிப் பார்க்கிறாளா? மூன்று வயதில் ஒரு சொல்தான் என்றால் முதல் வேலை காதைச் சோதிப்பது. சத்தம் கேட்டுத் திரும்புகிறாளே என்று விட்டுவிடவும் கூடாது, சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வருவது, பதினெட்டு வயது வரை பணம் கட்ட வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும், பேத்தி அங்கே போகிறாள் என்றால் அன்றைக்கு லீவு போடாமல் அனுப்புங்கள்.

கேள்வி: பேச்சுக் கோளாறுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் இப்போதே வாங்கலாமா, பின்னால் பிள்ளைக்குப் பாதகமா? (மகளுக்கு நாலு வயது)
*— ஒரு தகப்பனார், கானாடுகாத்தான்*

பதில்: 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் சட்டம் பேசுவது நிரந்தரமான பாதிப்பைப் பற்றி, நாலு வயதில் பேச்சு மாறிக்கொண்டே இருக்கிறது, அவசரம் இல்லை. பயிற்சிக்கோ பள்ளியில் சேர்க்கவோ சான்றிதழ் தேவையில்லை. பாதகம் எல்லாம் கிடையாது.

கேள்வி: என் எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு பையன் பேசவே மாட்டான், ஆனால் படம் பார்த்து எல்லாம் சரியாக அடுக்குவான். வாய்மொழித் தேர்வில் பூஜ்யம், அதனால் அடுத்த வருடமும் எல்.கே.ஜி.யிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் தலைமையாசிரியை. நான் என்ன சொல்ல?
*— ஓர் ஆசிரியை, புதுவயல்*

பதில்: அந்தத் தேர்வு அளந்தது அவன் வாயை, அவனுக்குத் தெரிந்ததை இல்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் நயமாக. "சிவப்பு எது?" என்று கேட்டுத் தொடச் சொன்னால் தெரிந்துவிடுமே. தொட்டுக் காட்டுவது, எடுத்துக் கொடுப்பது, கோடு போட்டுச் சேர்ப்பது என்று அதே கேள்விகளை மாற்றி ஒரு முறை வைத்துப் பார்த்து, அந்தத் தாளைத் தலைமையாசிரியையிடம் காட்டுங்கள். தெரிந்ததையே இன்னொரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை சலித்துப் போவான், சேட்டையும் தொடங்கும், அப்போது அதற்கும் சேர்த்து ஒரு பெயர் வைப்பார்கள்.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், தெரபிக்குப் போகிறானா என்று தெரிந்துகொள்ளுங்கள். போகவில்லை என்றால் சாக்கோட்டை வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கச் சொல்லலாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறையே இருக்கிறது, வகுப்பறை யோசனைக்கு நீங்களே ஒரு முறை போய்க் கேட்கலாம், ஆசிரியர் என்றால் மதிப்பாகத்தான் பேசுவார்கள். வருகைப் பதிவுக்குக் கை தூக்கினால் போதும் என்று அவனுக்கு மட்டும் வைக்காமல் வகுப்பு முழுவதற்கும் வைத்துவிடுங்கள், அதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.