காலைப் பிடித்து விழுத்துகிறவரைச் சமாளிக்க

தம்பி, திருகோணமலையில் நாலு வருடம் கராத்தே பழகியும் மல்யுத்தம் தெரிந்த கூட்டாளி காலைப் பிடித்து விழுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். குத்தில் குறையில்லை, நிலைதான் பிரச்சினை. ஸென்குட்சு டாச்சியில், அதாவது முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் கராத்தே நிலையில், பாரம் முன்காலில் இருப்பதால் அதைச் சட்டென்று இழுக்க முடியாது. நிலையைச் சுருக்கி, முழங்காலை மடித்து நில்லுங்கள்.

அவர் குனிந்து பாய்ந்ததும் இரண்டு காலையும் பின்னால் எறிந்து, இடுப்பை அவருடைய தோளின்மேல் பாரமாகப் போடுங்கள். அனேகம் பேர் கையால் மட்டும் தள்ளுவார்கள். இடுப்பு மேலேயே நிற்கும், கால் அகப்பட்டுவிடும்.

இதற்கு முதல் விழப் பழக வேண்டும். நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகத் தரையில் அடிக்க வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

மெத்தை இல்லாவிட்டால் உப்புவெளிக் கடற்கரை போதும். அலை நனைத்து இறுகிய மணலில் விழாதீர்கள், சீமெந்து மாதிரி அடிக்கும். காய்ந்த மணல்தான் நல்லது. ஆனால் அதில் சுழன்று உதைக்க வேண்டாம், பாதம் புதைந்து முழங்கால் திருகும்.

கிழமைக்கு இரண்டு நாள், முழங்காலில் இருந்தபடி தொடங்கி, கூட்டாளியோடு மூன்று நிமிட மல்யுத்தச் சுற்று நாலு செய்யுங்கள். கழுத்து இறுகினால், விடச் சொல்லும் அடையாளமாக உடனே கையால் தட்டுங்கள். தட்டியதும் விடாதவரோடு பழகவே வேண்டாம்.