பைட்அரேல டேட்டா சேர்க்கணும்னா ஸ்ட்ரிங்கா மாத்தாதீங்க

கேள்வி: எடை மெஷின்ல இருந்து சீரியல் போர்ட் வழியா வர்ற டேட்டாவ பைத்தான்ல ஒரு பைட்அரேல (பைட்டுகள வரிசையா சேர்த்து வைக்கற டைப்) சேர்த்துக்கிட்டே போகணும். அப்பெண்ட் போட்டா டைப்எரர் வருது. ப்ராஜெக்ட் சென்டர்ல கேட்டப்ப ஸ்ட்ரிங்கா மாத்தி என்கோட் பண்ணி சேருங்கன்னாங்க. எரர் நின்னுடுச்சு, ஆனா எடை கன்னாபின்னான்னு வருது. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த ஸ்ட்ரிங் வரிய அழிச்சிடுங்க, உங்க எடைய கெடுக்கறதே அதுதான்.

அப்பெண்ட்டுக்கு ஒரே ஒரு நம்பர்தான் வேணும், 0ல இருந்து 255க்குள்ள. போர்ட்ல இருந்து ரீட் பண்ணா வர்றது நம்பர் இல்ல, பைட்ஸ், ஒரே ஒரு பைட் வந்தாலும் பைட்ஸ்தான், அதனாலதான் டைப்எரர். அப்பெண்ட்டுக்குப் பதிலா எக்ஸ்டெண்ட் போடுங்க, இல்லன்னா ப்ளஸ் ஈக்குவல் போடுங்க, வந்தது எத்தனை பைட்டா இருந்தாலும் அப்படியே கடைசில சேர்ந்துடும். சேர்த்ததோட ரிசல்ட்ட மறுபடி அதே வேரியபிள்ல போட்டுடாதீங்க, அப்பெண்ட்டும் எக்ஸ்டெண்ட்டும் திருப்பித் தர்றது நன் (None), அதாவது ஒண்ணுமே இல்ல, சேர்த்த டேட்டா மொத்தமும் கைவிட்டுப் போயிடும்.

இப்ப அந்த சென்டர்காரங்க விஷயம். பைட்ஸ ஸ்ட்ரிங்கா மாத்தற எஸ்டிஆர்குள்ள (str) போட்டா டேட்டா வராது, அத ஸ்க்ரீன்ல எப்படி எழுதிக் காட்டுவாங்களோ அந்த எழுத்துதான் வரும். மெஷின் 2ங்கற ஒரு பைட்ட அனுப்புதுன்னு வைங்க, பி, கோட் குறி, பேக்ஸ்லாஷ், எக்ஸ், சைபர், ரெண்டு, மறுபடி கோட் குறின்னு ஏழு பைட்டா உள்ள போயிடும், எரர் மட்டும் வராது. எரர் வராம தப்பான எடைல பில் போகுதே, அதுதான் ஆபத்து. பழைய பைத்தான் 2ல ஒத்த எழுத்து ஸ்ட்ரிங்க அப்பெண்ட் பண்ணலாம், அந்தக் காலத்துக் கோட இன்னும் ஃபைனல் இயர் பசங்களுக்கு காசு வாங்கிட்டு விக்கறாங்க, உடைஞ்ச இடத்துல இப்படி ஒட்டுப் போட்டுத் தர்றாங்க. பைத்தான் 2க்கு சப்போர்ட் 2020 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. காலேஜ்ல ஓடுதா இல்லையான்னு மட்டும் பாத்து மார்க் போடற வரைக்கும் இது நிக்காது, கோபமா வருது.

255க்கு மேல உள்ள நம்பர நீங்களே சேர்க்கணும்னா அப்பெண்ட் வேல்யூஎரர் குடுக்கும். டூ பைட்ஸ் (to_bytes) போட்டு ரெண்டு பைட்டா உடைச்சு எக்ஸ்டெண்ட் பண்ணுங்க. இங்க வரிசை ரொம்ப முக்கியம். 300ங்கறது பிக் ஆர்டர்ல, அதாவது பெரிய பைட் முதல்ல வந்தா, 1, 44. லிட்டில்னா சின்ன பைட் முதல்ல, 44, 1. மாத்திப் படிச்சா 300 கிராம் 11265 கிராம் ஆயிடும். அதுலயும் மெஷின் மோட்பஸ் ஆர்டியூங்கற சீரியல் பேச்சுமுறைல பேசுற வகைன்னா இன்னும் கவனமா இருங்க: ரிஜிஸ்டர் மதிப்புல (எடை மாதிரி மெஷின் வெச்சிருக்கற நம்பர்) பெரிய பைட் முதல்ல வரும், அதே ஃப்ரேமோட (ஒரு முழு செய்தி) கடைசில, டேட்டா சரியா வந்துச்சான்னு பாக்கறதுக்கு இருக்கற சிஆர்சில மட்டும் சின்ன பைட் முதல்ல வரும். ஒரே ஃப்ரேமுக்குள்ள ரெண்டு வரிசை. எல்லாத்துக்கும் பிக்னு போட்டா சிஆர்சி சேராது, எல்லாத்துக்கும் லிட்டில்னு போட்டா எடை தப்பும், அதனால எந்த ஃபீல்டுக்கு எந்த ஆர்டர்னு மெஷின் மேனுவல்ல பாத்துத் தனித்தனியா எழுதுங்க.

ஒரு தடவ ரீட் பண்ணா முழு எடையும் வந்துடும்னு நம்பாதீங்க, பாதிதான் வரலாம். சேர்த்துக்கிட்டே போங்க, ஃப்ரேம் முழுசானதும் எடைய எடுத்துட்டு அந்த பைட்டுகள மட்டும் டெல் (del) போட்டு முன்னால இருந்து வெட்டுங்க, மிச்சம் இருக்கறது அடுத்த எடையோட ஆரம்பம், அதத் தொடாதீங்க.