சிஜே4 கிளைடுஸ்லோப்பைப் பிடிக்க மறுக்கிறது (சிமுலேட்டர், திருச்சி 27)

சிமுலேட்டரில் சிஜே4 என்ற சிறிய செஸ்னா ஜெட்டில் திருச்சியின் 27-ஆம் ஓடுபாதைக்கு வரும்போது, ஆட்டோபைலட் கிளைடுஸ்லோப்பை (ஓடுபாதைக்கு இறங்கும் சாய்வைக் காட்டும் ரேடியோ கற்றை) பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டோபைலட்டில் கோளாறு இல்லை. தஞ்சாவூரை 12,000 அடியில் தாண்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து ஓடுபாதைக்கு ஏறத்தாழ 25 கடல் மைல்தான். 3 டிகிரி இறக்கத்துக்கு மைலுக்குச் சுமார் 320 அடி, அதாவது அங்கே 8,000 அடி போதும். நீங்கள் கிளைடுஸ்லோப்புக்கு மேலே பறக்கிறீர்கள், ஆட்டோபைலட் அதைக் கீழிருந்துதான் ஒழுங்காகப் பிடிக்கும்.

இந்த ஜெட்டின் குணமும் ஒரு காரணம். வழுக்கிக்கொண்டே போகும், ஒரே நேரத்தில் இறங்கு, வேகத்தையும் குறை என்றால் கேட்காது. நிஜ விமானிகளும் இதைச் சொல்வதுண்டு. முதலில் மட்டமாகப் பறந்து வேகத்தைக் கொன்றுவிட்டு அப்புறம் இறங்குங்கள். ஸ்பீட் பிரேக் எதற்கு இருக்கிறது, கூச்சப்படாமல் இழுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: திரையில் வழிகாட்டும் ஊசி பச்சையா, மெஜந்தாவா (இளஞ்சிவப்பு கலந்த ஊதா)? மெஜந்தா என்றால் இன்னும் எஃப்எம்எஸ் (விமானத்தின் வழிக்கணினி) வழியில்தான் போகிறீர்கள். ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) அலைவரிசையைப் போட்டு, நேவ் மூலத்தை, அதாவது ஊசி எதைப் பின்பற்றுகிறது என்பதை, லோக்கலைசருக்கு (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் கற்றை) மாற்றிய பிறகே அப்ரோச் பொத்தானை அழுத்துங்கள்.

மேலிருந்து துரத்திப் பிடிக்க மட்டும் பார்க்காதீர்கள். உண்மையான கற்றைக்கு மேலே பொய்க் கற்றைகள் உண்டு, அதில் மாட்டினால் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். உயரம் மிஞ்சிவிட்டால் கோ-அரவுண்ட் போங்கள், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மேலேறி மறுபடி வாருங்கள்.