எக்ஸ்சேஞ்சில் கொடுத்த கணினி, வெளியே போன விவசாயிகளின் ஆவணங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் தங்கையும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன ஆடித் தள்ளுபடியில் தஞ்சாவூரில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு புதுக் கணினி வாங்கினேன். பழைய மூன்றை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததற்கு பில்லில் 4,500 ரூபாய் கழித்தார்கள். ‘பழைய கணினிகளைப் பாதுகாப்பாக மறுசுழற்சி செய்கிறோம், உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிடுகிறோம்’ என்று விளம்பர நோட்டீஸில் போட்டிருந்தார்கள். இப்போது ஒருவர் போன் செய்து, என் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்கிறார். அதில் என் கடைக்கு வந்த நூற்றுக்கணக்கான விவசாயிகளின் ஆதார், சிட்டா, பாஸ்புக் எல்லாம் இருக்கிறதாம். 20,000 ரூபாய் அனுப்பாவிட்டால் வெளியே விட்டுவிடுவேன் என்று மிரட்டி, வாட்ஸ்அப்பில் நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். கடையில் கேட்டால் ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்கிறார்கள். என் மேல் வழக்கு வருமா, ஐயா? இன்னும் ஒரு பழைய லேப்டாப் கடை மூலையில் கிடக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று, பணம் அனுப்பாதீர்கள் அம்மா. டிஸ்க்கில் இருப்பதை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பணம் வாங்கிக்கொண்டு டிஸ்க்கையே திருப்பிக் கொடுத்தாலும் நகல் அவரிடம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அடுத்த மாதம் மறுபடி போன் வரும்.

இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். அப்புறம் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘என் டிஸ்க்கைத் திருடிவிட்டார்’ என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததுமே அந்தக் கணினி கடைக்குச் சொந்தமாகிவிட்டது, அதைக் காசு கொடுத்து வாங்கியவரைத் திருடர் என்று நிரூபிப்பது சிரமம். அவர் செய்த குற்றம் மிரட்டிப் பணம் கேட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். நீதிமன்றத்தில் அவற்றைத் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம்.

சரி, உங்கள் மேல் வழக்கு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். மின்னணுக் கழிவு விதிகள், 2022 (1.4.2023 முதல் நடைமுறையில் உள்ளவை) உங்களைத் தொடாது. ஒரு நிதியாண்டில் ஆயிரம் கருவிகளாவது பயன்படுத்தும் பெரிய நுகர்வோருக்குத்தான் அதில் கடமை வைத்திருக்கிறார்கள். மூன்று கணினி வைத்திருந்த உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு வேறு விஷயம். ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்கு அதில் கொடுத்த விளக்கத்துக்குள் தனி ஆள் நடத்தும் கடையும் வருகிறது. வாடிக்கையாளரின் முக்கியமான தகவலைக் கவனக்குறைவாக வைத்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் அவர் இழப்பீடு கேட்கலாம். எவை முக்கியமான தகவல் என்று விதிகளில் ஒரு பட்டியல் உண்டு, வங்கிக் கணக்கு விவரம் அதில் இருக்கிறது. அதாவது பாஸ்புக் நகல்கள்தான் உங்களுக்குச் சிக்கல். யாருக்கும் நஷ்டம் வராதவரை அந்த வழக்கு நிற்பது கடினம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அது முழுதாக வந்ததும் இந்த 43ஏ பிரிவு போய், வேலை முடிந்த தகவலை அழிப்பதே கடமையாகிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், காவல் நிலையத்திலிருந்து திரும்பியதும் அந்த விவசாயிகளிடம் போங்கள். சம்பா காப்பீட்டுக்கு அடங்கலும் சிட்டாவும் கையில் வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் உங்கள் கடை வாசலில் நின்றவர்கள் அவர்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் மறைக்காதீர்கள். வங்கியில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பத்திரங்களை ஸ்கேன் செய்திருந்தால் இன்னும் அவசரம். பத்திரத்தில் உள்ள கைரேகையைப் போலியாகச் செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன. கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கும் பெரியவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து ஆதாரில் கைரேகைப் பூட்டு (வேறு யாரும் அந்த ரேகையைப் பயன்படுத்த முடியாதபடி முடக்கும் வசதி) போட்டுக் கொடுங்கள். 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். நாளைக்கு யாராவது உங்கள்மேல் வழக்குப் போட்டாலும், ‘தெரிந்த அன்றே எச்சரித்தேன்’ என்பதுதான் உங்களுக்குத் துணை நிற்கும். எச்சரித்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி கடைக்காரர். ‘பொறுப்பில்லை’ என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பழையதைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று 2022 விதிகள் கடைகளைக் கட்டாயப்படுத்தவில்லை. மறுசுழற்சி இலக்கு தயாரிப்பாளர்களுக்குத்தான். ஆனால் எடுத்துக்கொள்கிறேன், அழித்துத் தருகிறேன் என்று சொல்லி வியாபாரம் செய்தபின் அது அவர் கொடுத்த வாக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு, நோட்டீஸ் தவறான விளம்பரம். நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை இன்னொருவருக்குப் போகவிடுவதும் நேர்மையற்ற வணிக முறைதான், பிரிவு 2(47) பாருங்கள். ‘இவர் கடைக்காரர், நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. நீங்களும் தங்கையும் மட்டும் வேலை செய்வதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் படிவத்தில் ‘தகவலை அழிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று பொடி எழுத்தில் இருந்து, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? இத்தகைய படிவங்களில் அந்த வரி வழக்கமாக இருக்கும். இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனப்படும், ஆனால் முடிந்துவிடாது. நோட்டீஸில் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்கள், மறுசுழற்சிக்குப் போக வேண்டிய டிஸ்க் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறது. அந்த நோட்டீஸைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அதே விளம்பரத்தைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

முதலில் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசத்துடன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். மூன்று கணினிகளும் எந்த மறுசுழற்சியாளருக்கு, என்றைக்குப் போயின, ரசீது எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும்.

வக்கீல் நோட்டீஸின் ஒரு நகலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தஞ்சாவூர் அலுவலகத்துக்கும், இன்னொன்றைக் கணினித் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். டிஸ்க் இப்படிப் போயிருக்கிறதென்றால் பழைய மானிட்டரும் அதே கையில்தான் போயிருக்கும். கண்ணாடிக் குழாய் மானிட்டராக இருந்தால் அதில் ஈயம் உண்டு. செம்புக்காகக் கம்பியை எரிக்கிற புகையும், உடைத்துப் போட்ட மிச்சமும் அரசலாற்றங்கரையில் சேர்ந்தால் அதே தண்ணீர்தான் நம் வயலுக்கு வருகிறது. இதை வாரியம் விசாரிக்க வேண்டும், நீங்கள் எழுதினால்தான் விசாரிக்கும்.

புதுக் கணினி வந்தபிறகும் ஒரு பழைய லேப்டாப் மூலையில் கிடப்பதாகக் கடிதக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கைக் கழற்றாமல் அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். டெலிட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும் தகவல் மீண்டு வரும். டிஸ்க்கைத் தனியே எடுத்து, துளைபோட்டு, மீதியை மட்டும் ரசீது தருகிற இடத்தில் கொடுங்கள். அந்த ரசீதில் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.