பூங்காவில் யார் உட்காருகிறார்கள்?

பூங்காவுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசிகள் கேட்ட கேள்விகளுக்குப் பூங்கா வடிவமைப்பாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

மரத்தைப் பார்த்தால் மனம் லேசாகும் என்பது வெறும் பேச்சா? (லாஸ்பேட்டை, இல்லத்தரசி)

இல்லை அம்மா. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரைப் பற்றியது. ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆய்வு சிறியது என்பதால் அதை மட்டும் நம்பிப் பேச மாட்டேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த சோதனைதான் என்னை அசைத்தது. அங்கே 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் வைத்துத் தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மற்றவற்றைத் தொடவில்லை. 2018-இல் வந்த முடிவின்படி, தொடாத மனைகளோடு ஒப்பிட்டால், பசுமையாக்கிய மனைகளின் அருகே மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் அப்படித் தெளிவான மாற்றம் இல்லை. செயற்கை நீரூற்றோ டைனோசர் சிலையோ அங்கே வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் நகரில் பூங்காவுக்கென விட்ட 12 சென்ட் இடம் முள்மண்டிக் கிடக்கிறது. சுற்று நடைபாதைக்கும் உடற்பயிற்சிக் கருவிகளுக்கும் மதிப்பீடு வந்திருக்கிறது. சரிதானா? (மஞ்சக்குப்பம், நலச்சங்கச் செயலாளர்)

அந்த மதிப்பீட்டை ஓரமாக வையுங்கள். 12 சென்ட் என்பது சுமார் 5,200 சதுர அடி. அதில் சுற்றுப்பாதை போட்டால் நடப்பவருக்குத் தலைதான் சுற்றும். அது உட்காருவதற்கான இடம்.

கடலூர்க் கோடையில் நிழல் இல்லாத பெஞ்சு தோசைக்கல். அதனால் முதலில் மேற்கு வெயிலை மறிக்கும்படி மரம், பிறகு அதன் கிழக்கே இருக்கை. முதுகுப்பக்கம் செடியோ சுவரோ இருந்து, கண்ணுக்கு முன்னால் வெளி விரிந்தால்தான் மனிதர்கள் நிம்மதியாக அமர்வார்கள். பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும். அது இல்லாவிட்டால் மூட்டுவலிக்காரர் உட்கார்ந்துவிட்டு எழத் திண்டாடுவார். மறுநாள் வரமாட்டார். இரண்டு பெஞ்சுகளை ‘ட’ வடிவில் போட்டால் பேச்சு தானாகத் தொடங்கும். தனிமை வேண்டுபவருக்கு ஒன்றைத் தள்ளிப் போடுங்கள். தரை முழுவதையும் ஓடு பதித்து மூடினால் ஐப்பசி மழை எங்கே இறங்கும்? கருவிகளுக்கான பணத்தில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள். இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டால் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தானே புயலுக்குப் பிறகு பெரிய மரம் என்றாலே பயமாக இருக்கிறது. (தேவனாம்பட்டினம்)

நியாயமான பயம். 2011 டிசம்பர் 30 அன்று விழுந்தவற்றை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன் ஆகியவற்றை நடுங்கள். மயில்கொன்றை (குல்மோகர்) அழகுதான், ஆனால் கிளை எளிதில் முறியும், வேரும் ஆழம் போகாது. பைக்குள் வேர் சுருண்டுபோன கன்றை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மாலை ஆறுக்குமேல் எங்கள் பூங்காவில் பெண்கள் இல்லை. விளக்கைக் கூட்டினால் போதுமா? (முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவி)

போதாது. புதர்கள் இடுப்புக்குக் கீழேயும் கிளைகள் தலைக்கு மேலேயும் இருந்தால் உள்ளே யார் இருக்கிறார் என்பது வாசலிலேயே தெரியும். வெளியேற இரண்டாவது வழி வேண்டும். ஒரே இடத்தில் கண்ணைக் கூசும் விளக்கு, சுற்றியுள்ள இருட்டை இன்னும் கெட்டியாக்கும். கழிப்பறையைத் திறந்து வையுங்கள், வாசலில் சுண்டல் விற்பவரை விரட்டாதீர்கள். அவரும் ஒரு கண்காணிப்புதான்.

பூங்காவைச் சீரமைத்தால் நன்மை வந்ததா என்று எப்படி அளப்பது? (ரெட்டியார்பாளையம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வேலை தொடங்கும் முன்பே அளக்க வேண்டும். பலர் திறப்பு விழாவுக்குப் பிறகுதான் நோட்டை எடுக்கிறார்கள், அப்போது ஒப்பிட ஒன்றும் இருக்காது. வேலைநாள் ஒன்று, விடுமுறைநாள் ஒன்று என்று தேர்ந்து, காலை, மதியம், மாலை வேளைகளில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்: குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், நடப்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள். மொத்த எண்ணிக்கையைவிட யார் வரவில்லை என்பதே எனக்கு முக்கியம். மனநிலைக்கு உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்விப் பட்டியல் உதவும். கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமாக, அமைதியாக உணர்ந்தீர்களா என்பதுபோல அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எத்தனை என்று வரும். பெயர் கேட்காதீர்கள். சீரமைக்காத இன்னொரு தெருவிலும் அதையே கேளுங்கள், அதே மாதத்தில் மறுஆண்டும் கேளுங்கள். மே மாதத்தையும் மார்கழியையும் ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.

என் தம்பிக்கு மனச்சோர்வு. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாரதி பூங்காவில் நடந்தால் போதுமா? (உப்பளம்)

நிறுத்த வேண்டாம். நடையும் இருக்கட்டும், மருத்துவரும் இருக்கட்டும். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பூங்காவைக் காலை 10 முதல் மாலை 4 வரை பூட்டுகிறார்கள். பராமரிப்புக்கு அது நல்லதுதானே? (நெல்லிக்குப்பம்)

புல்லுக்கு நல்லது. அந்த நேரத்தில் நிழல் தேடுபவர்கள் வீட்டில் தனித்திருக்கும் முதியவரும், கைக்குழந்தையோடு இருப்பவரும், உணவு விநியோகிக்கும் இளைஞரும்தான். காவலருக்கான சம்பளம்தான் தடை என்றால், பகலில் திறந்து வைத்துவிட்டு இரவு பத்து மணிக்குமேல் பூட்டச் சொல்லுங்கள்.