பிரசவத்துக்குப் பின் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. பிசியோதெரபி உதவுமா?

பெரும்பாலும் உதவும். அறுவை சிகிச்சையை யோசிக்கும் முன் முயல வேண்டியது இதுதான். இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் துணிபோல ஒரு தசைத் தளம் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. அது தளர்ந்தால் சிறுநீர் மட்டுமல்ல, வாயுவும் மலமும்கூடக் கட்டுக்குள் நிற்காமல் போகலாம்.

வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல, அந்தத் தசையை உள்ளே மேல்நோக்கி இறுக்கித் தளர்த்துங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948இல் எழுதி வெளியிட்டதால் இதற்குக் கெகல் பயிற்சி என்று பெயர். பலர் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள்! அது நிலைமையை மோசமாக்கும். முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சோதித்துப் பார்க்கட்டும் என்று சொல்வது அதனால்தான்.

இருமல் வருகிறது என்று தெரிந்தவுடன், இருமுவதற்குள் இறுக்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலையும் சரிசெய்யுங்கள்; முக்கி முக்கியே இந்தத் தசை நைந்துபோகிறது. சிலருக்குக் கோளாறு தளர்ச்சியல்ல, மிகையான இறுக்கம். அவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.