கரைந்த தாடை எலும்பு மீண்டும் வளருமா?

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்திருப்பதால், அறுவை சிகிச்சை செய்து எலும்புத் தூள் வைக்கலாம் என்கிறார் பல் மருத்துவர். முன்பற்களிலும் ஈறு இறங்கியுள்ளது. இழந்தவை திரும்பி வருமா?

பதில்: சில இடங்களில் வரும், எல்லா இடங்களிலும் வராது. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எலும்பு கரைந்திருக்கும் வடிவமே. பல்வேரை ஒட்டிக் குறுகிய குழியாகக் கரைந்து, குழியைச் சுற்றி இரண்டு மூன்று பக்கங்களில் எலும்புச் சுவர் எஞ்சியிருந்தால், அச்சுவர்களிலிருந்து ரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே வந்து புதிய எலும்பை உருவாக்க இயலும். மாறாக, வரிசையாகப் பல பற்களில் எலும்பின் மட்டமே சீராகத் தாழ்ந்துவிட்டால், அதை நம்பகமாக உயர்த்தும் சிகிச்சை இன்று இல்லை. உங்கள் எக்ஸ்ரேயில் தெரிவது எந்த வடிவம், கடைவாய்ப் பல்லின் இரு வேர்களுக்கு நடுவிலும் எலும்பு போயிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை முழுவதும் திறந்துவிட்டால் பலன் குறைவு.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஈற்றின் மேல்தோல் செல்கள்தாம் மிக விரைவாக வளர்ந்து வேர்ப்பரப்பை மூடிவிடுகின்றன. எலும்பும், பல்லை அதனுடன் பிணைக்கும் நார்களும் மெதுவாகவே வளர்கின்றன. மேல்தோலைத் தடுத்து மற்றவற்றுக்கு அவகாசம் தர இடையில் ஒரு சவ்வை வைக்கும் முறையை, 1982இல் ஸ்வீடனைச் சேர்ந்த நைமனும் அவரது குழுவினரும் மனிதப் பல்லில் செய்து காட்டினர். இன்று தானே கரையும் கொலாஜன் சவ்வுகள் உள்ளன. எலும்புத் தூள் என்பது பெரும்பாலும் புதிய எலும்பு படர்வதற்கான சாரக்கட்டு மட்டுமே. அது மாட்டு எலும்பிலிருந்தோ, தானமாகப் பெற்ற மனித எலும்பிலிருந்தோ, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டிலிருந்தோ தயாரிக்கப்படுகிறது. மனத்தடை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பலர் இதைத் தையல் பிரித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஆனால் அறுவை முதல் படியன்று. ஈற்றுக்கு அடியிலுள்ள பற்காரையை ஆழமாகச் சுத்தம் செய்து, சில வாரங்கள் பொறுத்து, ஈற்றுப் பையின் (பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள இடுக்கின்) ஆழத்தை மீண்டும் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ எஞ்சி, எக்ஸ்ரேயில் குழியும் இருந்தால் அறுவையைப் பற்றிப் பேசலாம். இதற்குள் உங்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (எச்பிஏ1சி) உங்கள் பொது மருத்துவருடன் கலந்து கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை உயர்ந்திருக்கையில் எத்தனை விலையுயர்ந்த பொருளை வைத்தாலும் காயம் ஆறத் தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். புகைப்பழக்கம் இருப்பின் அதையும் நிறுத்த வேண்டும்.

முன்பற்களின் கதை வேறு. பற்களுக்கு இடையிலுள்ள ஈறும் எலும்பும் குறையாமல், வெளிப்பக்கம் மட்டும் ஈறு இறங்கியிருந்தால், மேலண்ணத்திலிருந்து சிறிது திசுவை எடுத்துத் தைத்து வேரை முழுமையாகவே மூட வாய்ப்புண்டு. இடையிலும் குறைந்திருந்தால் ஓரளவே மூடலாம். ஈற்றை வளர்ப்பதாக விளம்பரம் செய்யும் பற்பசைகளால் இது நடக்காது. அழுத்தித் துலக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மென்மையான தூரிகைக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

எலும்புத் தூள் வைத்தபின் மருத்துவர் சொல்லும் வரை அவ்விடத்தில் துலக்காமல், அவர் தரும் வாய்க்கொப்பளிப்பு மருந்தைப் பயன்படுத்த வேண்டும். சுமார் 6 மாதங்கள் வரை அங்கே ஆழத்தை அளந்து பார்க்கக் கூடாது. சுத்தம் செய்துகொள்ள மட்டும், தொடக்கத்தில் 3 மாதங்களுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.